துடைத்த கூடத்தில் இருமாதவர்கள்

முதலாவது, மில். அதைத்தான் முதலில் வைக்க வேண்டும், வரிசை மாறக் கூடாது, வரிசை மாறினால் அநியாயம்கூட வதந்தியாகிவிடும். மில்லில் துணி வெளுக்கிற தொட்டிப் பக்கம் நின்ற நாங்கள் மூக்கைக் கட்டிக்கொள்ள ஆளுக்கொரு முழத் துணி கேட்டோம். துணி நெய்கிற மில்லில் துணி இல்லை என்றார்கள், தொண்டைக்கு நல்லது என்று மாதம் ஓர் உருண்டை வெல்லம் கொடுத்தார்கள். இரண்டாவது, மில் டாக்டர். என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நான் பீடி குடிப்பதில்லை என்று மூன்று தடவை சொன்ன பிறகும் காரணம் பீடி என்று எழுதிய மகான். மூன்றாவது, மில்லை மூடிய அன்று கதவில் தொங்கவிட்ட அறிவிப்பு, நட்டத்துக்குக் காரணம் தொழிலாளரின் ஒத்துழையாமை என்று. நான்காவது, கொள்ளைநோய்க் காலத்தில் சந்தை வாசலில் தகர வளைவு போட்டு, கூடையோடு நுழைந்த காய்க்காரிகள் மேல் பிளீச்சிங் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது. கண் எரிந்து அவர்கள் முந்தானையால் முகத்தை அமுக்கிக்கொண்டு நின்றதைப் படம்பிடித்து, விழிப்புணர்வு என்று தலைப்பு வைத்தது. அதற்கு இந்த ஊர் கை தட்டியது. ஐந்தாவது, இந்த ஆஸ்பத்திரி. ஆறாவது வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறாள், பெயர் முப்பிடாதி, இங்கே பதினோரு வருடம் கக்கூஸ் கழுவியவள், இன்றைய விசாரணை அவளைப் பற்றியது, ஆனால் அவளால் உள்ளே வர முடியாது. ஏனென்றால் ஏழாவதான பிளீச்சிங்கை இப்போதுதான் என் கண் முன்னால் ஒருத்தி மாப்பால் இழுத்து இழுத்துத் தரையெல்லாம் பூசிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறாள்.

கூட்டம் நடத்துகிற கூடம் இது. சன்னல்கள் எல்லாம் கண்ணாடி, எல்லாம் சாத்தியிருக்கிறது, ஏசி ஓடுகிறது. சுவரில் ஒரு டாக்டர் யாரோ பெற்ற குழந்தையைத் தூக்கிவைத்துச் சிரிக்கிறார். ஈரத் தரையில் அங்கங்கே வெள்ளை வெள்ளையாகக் கரையாத பொடி. கரைக்கக்கூட நேரமில்லாமல் அள்ளிக் கொட்டியிருக்கிறாள், அல்லது அள்ளிக் கொட்டு என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு எதிரே இரண்டு வரிசையில் துப்புரவுப் பெண்கள் எட்டுப் பேர், ஊதாச் சேலை, மடியில் கை, கை மேல் முந்தானை. எட்டுப் பேரும் சாட்சிகளாம். எதற்குச் சாட்சி? எதையும் பார்க்கவில்லை என்பதற்கு. தொழிலாளர் துறை உதவி ஆய்வாளர் வழியில் இருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்று மேலாளர் டெரன்ஸ் வந்து சொன்னார். எனக்குச் சொல்லவில்லை, என் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்துக்குச் சொன்னார். அவர் என்னைப் பார்ப்பதில்லை. நான் சங்கத்துக்காரன், மாசானம், இந்த ஊரில் நான் பேசாத தெருமுனை இல்லை, என்னைக் கைது செய்யாத இன்ஸ்பெக்டர் இல்லை. இந்த டெரன்ஸ் வயதுக்கு இவர் பார்த்த போராட்டம், பொட்டலத்தில் சட்னி குறைந்தது என்று ஓட்டல்காரனோடு போட்டதாகத்தான் இருக்கும். இருந்தும் என்னைப் பார்க்காமல் இருப்பது எப்படி என்று எங்கோ படித்திருக்கிறார். அந்தப் படிப்புக்கு இப்போது தனியாகப் பட்டம் தருகிறார்கள்.

மூக்கின் நுனியில் ஆரம்பித்துவிட்டது. எனக்கு இதன் நடை தெரியும், சொந்தக்காரனின் செருப்புச் சத்தம் தெரிவதுபோலத் தெரியும். முதலில் மூக்கின் நுனியில் ஒரு குத்தல், நீச்சல் தெரியாதவன் ஆற்றில் முங்கி எழுந்தால் வருமே, அது. பிறகு கண்ணின் உள்மூலை. பிறகு தொண்டையின் பின்சுவரில் ஏதோ ஒரு நூல் ஒட்டிக்கொண்டது போல, காறினால் வராது, விழுங்கினால் போகாது. அதன் பிறகுதான் நெஞ்சு, அது அவசரப்படாது, ஒவ்வொரு பொத்தானாகச் சட்டையைப் போட்டுவிடுகிற மாதிரி கீழேயிருந்து மேலே இறுக்கிக்கொண்டு வரும். இருபத்திரண்டு வயதில் தொட்டிக்கரையில் முதல் தடவை இறுக்கியபோது செத்துவிடுவேன் என்று நினைத்தேன். மேஸ்திரி ஒரு துண்டு வெல்லத்தை வாயில் திணித்தான். இப்போது சட்டைப் பையில் இன்ஹேலர் இருக்கிறது. இருக்கட்டும். இந்த ஆளுக்கு முன்னால் அதை எடுத்து வாயில் வைத்து உறிஞ்ச மாட்டேன். முதலாளிக்கு முன்னால் உட்காரும்போது உடம்பு உன்னுடையது அல்ல, அது சங்கத்தினுடையது, அதில் ஓட்டை தெரியக் கூடாது. இது எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, நானே கண்டுபிடித்து மற்றவர்களுக்குச் சொல்லித் தந்தது. போனஸ் பேச்சுவார்த்தைக்குக் காய்ச்சலோடு போய், மேசையில் கை ஊன்றாமல் சாயங்காலம்வரை நின்றே பேசி, வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் விழுந்தவன் நான். விழுந்ததை மேனேஜர் பார்க்கவில்லை. அதுதான் வெற்றி. மெதுவாக விடு மூச்சை. மூக்கால் வேண்டாம், வாயைச் சற்றே திறந்து, யோசிக்கிறவன் மாதிரி.

அலர்ஜி. இந்த ஒரு சொல்லில் முடித்துவிட்டார்கள். பெரிய இடத்திலிருந்து தரம் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று மூன்று வாரத்துக்கு முன்னால் இங்கே ஒரே அமர்க்களம். தரம் என்றால் இந்த ஊரில் நாற்றம். நோயாளியைப் பார்க்க வருகிற சொந்தபந்தம் வாசலில் நின்று மூக்கை இழுத்து, பிளீச்சிங் காரம் சுரீரென்று ஏறினால்தான், பரவாயில்லையே, சுத்தமா வச்சிருக்காங்க என்பார்கள். தரையை நக்கலாம் போல வைத்திருந்தாலும் வாடை வரவில்லை என்றால் அழுக்கு. கண்ணால் பார்க்கத் தெரியாத மூக்குகள். அதனால் இங்கே சுத்தத்துக்கு அளவு கைப்பிடி அல்ல, மூடி அல்ல, காட்டம். காட்டம் வரலையே, இன்னும் கொஞ்சம் போடு என்பார் சூப்பர்வைசர். பிளீச்சிங் பொடி போட்டும் காட்டம் வராவிட்டால் மேலே கக்கூஸ் ஆசிட்டை ஊற்று என்பார். ஊற்றினால் வரும், ஏன் வராது, பச்சையும் மஞ்சளுமாகப் புகையே வரும்; முதல் உலக யுத்தத்தில் ஒருவரையொருவர் கொல்வதற்குக் குழாய் வைத்து ஊதினார்களே, அதே வாயு. மூடிய கக்கூசுக்குள், மண்டி போட்டுக்கொண்டு, முகத்தைக் கோப்பைக்கு நேரே வைத்து, முப்பிடாதி அதை மூச்சில் வாங்கினாள். வெளியே இழுத்துப் போட்டார்கள். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே ஆக்சிஜன் வைத்து, அதற்குப் பில்லும் போட்டார்கள். எழுந்து வந்தபோது குரல் போயிருந்தது, இப்போது பேசினால் உமி அரைபடுகிற சத்தம். கொஞ்சம் பிளீச்சிங் வாடை பட்டாலும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. உடனே கடிதம்: இந்தப் பணியாளருக்குப் பிறவியிலேயே அலர்ஜி இருப்பதாகத் தெரிகிறது, அதை மறைத்து வேலையில் சேர்ந்திருக்கிறார், ஆகவே தகுதியற்றவர். பதினோரு வருடம் மறைத்தாளாம். தும்மலைச் சேலைத் தலைப்பில் முடிந்துவைத்திருந்தாள் போலிருக்கிறது.

நான் படித்தது எட்டாம் வகுப்பு, மீதியைத் துண்டுப் பிரசுரங்களில் படித்தேன், அதற்காக எவனிடமும் தலை குனிந்ததில்லை. ரசாயனத் தொழிலாளர் பாதுகாப்பு என்று ஒரு பிரசுரம், மட்டமான தாள், எழுத்து மறுபக்கம் தெரியும், அதைத் தொட்டிக்கரையில் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாக வாசித்திருக்கிறேன். ஒன்று, ஒரு சிலர் உடம்பு மட்டும் ஏற்காதது, சிலருக்குக் கத்தரிக்காய், சிலருக்குக் கருவாடு, அது அலர்ஜி. மற்றது, யார் உடம்பில் பட்டாலும் எரிப்பது. பிளீச்சிங் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. ஏற்கெனவே இழுப்பு உள்ளவனைச் சீக்கிரம் பிடிக்கும், இல்லாதவனைக் கொஞ்சம் தாமதமாகப் பிடிக்கும், அவ்வளவுதான் அது காட்டுகிற பாரபட்சம். கை சுட்டுக்கொண்டு வருகிறவனைப் பார்த்து உனக்கு நெருப்பு அலர்ஜி என்று எந்த டாக்டராவது எழுதுவாரா? ஆனால் இங்கே ஒரு சின்ன டாக்டர் எழுதியிருக்கிறார், பிளீச்சிங்கைத் தவிர்க்கவும் என்று. அந்தப் பையன் பொய் எழுதவில்லை. அவளைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் எழுதினான். நல்ல எண்ணத்தோடு எழுதுகிறவன் கையெழுத்துதான் முதலாளிக்கு ரொம்ப வசதி, கெட்ட எண்ணக்காரனாக இருந்தால் எப்போதாவது குடித்துவிட்டு உளறுவான்.

நெஞ்சில் மூன்றாவது பொத்தான். இரு, இரு. வேறு ஏதாவது நினை. வீட்டை நினை. பொன்னுத்துரைச்சி, என் பெண்டாட்டி, எனக்காக வீட்டுக் கக்கூசைச் சோடா மாவும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்க்கிறாள், ஆனால் அவள் தம்பி குடும்பம் வருகிறது என்றால் மட்டும் எங்கிருந்தோ ஒரு நீலப் பாட்டில் முளைக்கும். "என்னட்டி இது?" என்றால், "ஒரு நாளு ஊத்துனா செத்தா போவிய? வாடையே இல்லாட்டி என் தம்பி பொண்டாட்டி மூக்கைச் சுளிப்பா" என்பாள். நான் தெருவில் போய்க் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்வேன். ஐம்பது வருடம் ஊருக்குச் சொன்னேன், பக்கத்தில் படுத்தவளுக்கு ஏறவில்லை. இதை நினைத்தால் மூச்சு இன்னும்தான் இறுகுகிறது. வேண்டாம். இந்தப் பெண்களை நினை. இவர்களை நினைத்தால் கோபம் வரும், கோபம் வந்தால் நெஞ்சு கொஞ்சம் திறக்கும், அது என் அனுபவம்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள். அந்த உதவி ஆய்வாளர் நேற்று போனிலேயே சொல்லிவிட்டார்: "ஒருத்தருக்கு மட்டும் வந்ததுன்னா கம்பெனி சொல்றதுதான் நிக்கும் ஐயா. இங்க வேலை பாக்கிற இன்னொருத்தர், ஒரே ஒருத்தர், எனக்கும் இருக்குன்னு சொல்லட்டும், அப்ப அது அந்தம்மா உடம்பு இல்ல, வேலை." சரியாகத்தான் சொன்னார். ஒருத்தி சொன்னால் முப்பிடாதிக்குக் காயம்பட்டவள் என்று பெயர், வேலை உண்டு, வைத்தியம் உண்டு. சொல்லாவிட்டால் அவள் நோயை மறைத்த பித்தலாட்டக்காரி, இந்த மாவட்டத்தில் ஒரு லாட்ஜ்கூட அவளைத் துடைப்பத்தைத் தொட விடாது. எட்டு வீடும் ஏறி இறங்கினேன். ஒருத்தி, "எனக்கென்ன அண்ணாச்சி, நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்றாள், சொல்லும்போதே கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒருத்தி கதவைத் திறக்காமலே அவர் வீட்டில் இல்லை என்றாள், நான் அவரைக் கேட்கவில்லை. ஒருத்தி காப்பி கொடுத்தாள், பேசவில்லை, காப்பி நன்றாக இருந்தது. மூன்று பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள், மனப்பாடம். ஒருத்தி அழுதாள். அழுகையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, அதில் கையெழுத்து வாங்க முடியுமா? எட்டாவது வீடு சேர்மக்கனி வீடு. இதோ எதிரே முதல் வரிசையில் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான், சூப்பர்வைசருக்கு வலது கை, யாருக்கு எந்த வார்டு என்று ஆள் பிரிப்பவள், டெரன்ஸ் பிறந்தநாளுக்குக் கேக் வெட்ட எல்லாரிடமும் வசூல் செய்தவள். அவள் என்னை வாசலோடு நிறுத்தி, "சங்கம் வச்சு மில்ல மூடுனிய, இப்ப ஆஸ்பத்திரியையும் மூட வந்துட்டியளா?" என்றாள். மில்லை மூடியது சங்கம் என்று அந்தக் கதவு அறிவிப்பில் எழுதியிருந்ததை இந்த ஊர் இன்னும் வேதமாக வைத்திருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் நான் உள்ளே போனேன், அடிபட்டேன். ஆடு, மாடுகூடக் காட்டமான இடத்தில் நிற்காது, மூக்கைத் திருப்பிக்கொண்டு போய்விடும். இவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டுப் பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்திகூட இருமவில்லை. இப்போதுதான் எனக்கு அது தட்டுப்படுகிறது, ஏன் இவ்வளவு நேரம் ஆயிற்று, வயசாகிறது எனக்கு. முப்பிடாதியை வெளியே நிறுத்தத்தான் இப்படிக் கொட்டித் துடைத்தார்கள் என்று நினைத்தேன். அது பாதி. சன்னலை ஏன் சாத்தினார்கள்? அந்த அதிகாரி வந்து பார்க்க வேண்டியது இதுதான்: இவ்வளவு காட்டத்தில் எட்டுப் பெண்கள் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு தும்மல் கிடையாது, ஒருத்தி மட்டும் மரத்தடியில். கண்ணால் காண்கிற சாட்சி. அட டெரன்ஸ். இதை நீயா யோசித்தாய்? பரவாயில்லை, கொஞ்சம் மூளை இருக்கிறது. இருமித் தொலையுங்களடி. ஒரே ஒருத்தி இருமினால் போதும், ஒரு சின்ன இருமல், முதலாளியைத் திட்ட வேண்டாம், கொடி பிடிக்க வேண்டாம், தொண்டையை விடுங்கள், அது தானாகச் செய்யும். எப்படி அடக்குகிறார்கள்? என்னாலேயே முடியவில்லை, எனக்குக் காதுக்குள் விசில் கேட்கிறது, அது என் நெஞ்சிலிருந்துதான் வருகிறது, கேட்டுவிடுமோ, ஏசி சத்தத்தில் கேட்காது. சேர்மக்கனி என்னைத்தான் பார்க்கிறாள். இன்றைக்கு முதல் தடவையாகப் பார்க்கிறாள். "என்ன அண்ணாச்சி, மூஞ்சி செவந்து கெடக்கு?" என்கிறாள். கோபம் என்று சொன்னேன், சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. "கோவப்படுங்க, கோவப்படுங்க, உங்களுக்கு அதுதான தொழிலு" என்றாள், பின்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்து, சிரிப்பை நடுவிலேயே முழுங்கினாள். சிரிப்பை ஏன் முழுங்க வேண்டும்? சிரித்தால் மூச்சு உள்ளே போகும். மூச்சு உள்ளே போனால்…

கதவு திறந்தது. உதவி ஆய்வாளர் குற்றாலநாதன், நெற்றியில் விபூதி, பின்னால் ஃபைலோடு ஒரு குமாஸ்தா. டெரன்ஸ் நாற்காலி இழுத்துப் போடுகிறார், தண்ணீர் பாட்டில் வைக்கிறார். அதிகாரி உட்கார்ந்ததும் ஒரு தும்மல் போட்டார், கைக்குட்டையை எடுத்தார். "ஏசி ஒத்துக்கலியா சார்?" என்று டெரன்ஸ் கேட்டார், தும்மலுக்குக்கூட முன்கூட்டியே ஒரு காரணம் வைத்திருக்கிறார், சபாஷ். பிறகு ஆரம்பித்தார்: "சார், இது இப்பத்தான் துடைச்ச ஹால். நாங்க தினமும் என்ன போடுறோமோ அதேதான், கூடுதலும் இல்ல குறைச்சலும் இல்ல. இவங்க எல்லாரும் அரை மணி நேரமா இங்கதான் இருக்காங்க. யாருக்காவது ஏதாவது இருக்கான்னு நீங்களே பாருங்க." அதிகாரி பார்த்தார். எட்டு முகங்கள், எட்டும் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள். "யாருக்காவது கண்ணெரிச்சல், மூச்சுத் திணறல், கையில அரிப்பு?" எட்டுப் பேரும் முந்தானையைக் கைமேல் இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டார்கள். டெரன்ஸ் இப்போது என் பக்கம் திரும்பினார். இத்தனை நாளில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார், சிரித்தார்கூட. "ஏன் சார், ஐயாவையே கேளுங்களேன். எழுபது வயசு. அவரும் இங்கதான உட்கார்ந்திருக்காரு. நம்மளவிட நல்லா இருக்காரு." அதிகாரி கேட்டார்: "ஐயா, உங்களுக்கு ஏதாச்சும் தொந்தரவு இருக்கா?"

இல்லை. நாக்கில் வந்து நிற்கிறது அந்தச் சொல். ஐம்பது வருடமாக எந்த மேனேஜர் கேட்டாலும் அதுதான் என் பதில், இல்லை, எனக்கென்ன, நான் நன்றாக இருக்கிறேன், நீ உன்னைப் பார்த்துக்கொள். காய்ச்சலில் சொன்னேன், லாக்கப்பில் உதடு கிழிந்து சொன்னேன். சொல்வது சுலபம், ஒரு மூச்சு போதும், ஒரு மூச்சு இன்னும் மிச்சமிருக்கிறது. டெரன்சின் முகம் அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கிறது, தயாராக, இரண்டு கையும் ஏந்தி. அப்போதுதான் உறைக்கிறது எனக்கு, இந்தக் கூடத்தில் ஒன்பதாவது கழுவிய பாத்திரம் நான். இந்த ஆளுக்கு நான்தான் முதல் சாட்சி, எட்டுப் பேரைவிட நல்ல சாட்சி, சம்பளம்கூட வாங்காத சாட்சி. இவர்களாவது வேலைக்குப் பயந்து அடக்குகிறார்கள். நான் எதற்கு? கையைப் பைக்குள் விட்டேன். எடுத்தேன். எல்லார் முன்னாலும் அந்த நீலக் குழாயை வாயில் வைத்து அமுக்கி உறிஞ்சினேன், பால்புட்டி வைத்த கிழவன் மாதிரி, உறிஞ்சும்போதே இருமல் வந்துவிட்டது, மருந்து பாதி வெளியே. வந்தபிறகு அது நிற்கவில்லை. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கண்ணிலும் மூக்கிலும் ஒழுகி, எச்சில் வேட்டியில் விழுந்து, மேனேஜர் ஒருவரின் பளபளக்கும் பூட்சுக்கு நேரே தலையைத் தொங்கப்போட்டு இருமினேன்.

யாரோ என் முதுகைத் தடவினார்கள். தடவவில்லை, அறைந்தார்கள். சேர்மக்கனி. "நிமிருங்க அண்ணாச்சி, குனிஞ்சா இன்னும் அடைக்கும், நிமிருங்க" என்று தோளைப் பிடித்துத் தூக்கினாள். அவள் வாய் என் முகத்துக்குப் பக்கத்தில் வந்தபோது கிராம்பு மணத்தது. கன்னத்தில் அதக்கிய கிராம்பு, நாள்பட்டது, பல்லெல்லாம் அதன் வாசனை. அவளைத் தாண்டிப் பார்த்தேன், வரிசையாக, எல்லாக் கன்னத்திலும் ஓரமாக ஒரு சின்ன மேடு. அப்படித்தான் அடக்குகிறார்கள். கிராம்பைக் கடித்துக்கொண்டால் தொண்டை மரத்துப்போகும், இருமல் வராது, இருமல் வராதவளுக்கு அலர்ஜி இல்லை, அலர்ஜி இல்லாதவளுக்கு நாளைக்கும் வேலை. எனக்குத் தெரியாத பிரசுரம். எவனும் அச்சடிக்காமலே எட்டு வாயும் படித்திருக்கின்றன. என் தோளைப் பிடித்திருந்த கையின் விரல்கள் தோலுரிந்து, கணுக்கணுவாக வெடித்து, வெடிப்புக்குள் சிவப்பு. அந்தக் கையைத்தான் முந்தானைக்குள் வைத்திருந்தாள். "சன்னலத் தொறங்கட்டி ஒருத்தி" என்று பின்னால் பார்த்துக் கத்தினாள். டெரன்ஸ், "ஏசி போட்டிருக்கும்மா" என்றார். அவள் அவரை விட்டுவிட்டு அதிகாரியைப் பார்த்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டாள்: "சார், அண்ணாச்சிக்கும் பொறவியிலேயே அலர்ஜியா சார்?" பின்வரிசையில் சிரித்தாள் ஒருத்தி. சிரிப்பு இருமலாயிற்று. பக்கத்தில் இருந்தவள் அவளை அதட்ட வாயைத் திறந்து, அவளும் இருமினாள்.

சன்னல் திறந்தது. வெளியே மரத்தடியில் முப்பிடாதி எழுந்து நின்று, என்ன என்று கையால் கேட்டாள். அதிகாரி கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி குமாஸ்தாவிடம் ஏதோ சொன்னார். டெரன்ஸ் குரலை உயர்த்தவில்லை, அந்தப் படிப்பில் அதுவும் உண்டு. "சார், ஐயா எங்க ஊழியர் கிடையாது. அவருக்கு ஏற்கெனவே இழுப்பு. இது ரெக்கார்டுல வரக் கூடாது. இவங்க ரெண்டு பேருக்கு சிரிச்சுப் புரை ஏறிச்சு, அதுவும் வரக் கூடாது." அதிகாரி கொஞ்சம் யோசித்து, "அது சரிதான்" என்றார். சரிதானாம். "இங்க வேலை பாக்கிறவங்க யாராவது தன் வாயால, தன் பேரைச் சொல்லி, எனக்கும் இதே வேலையில இதே தொந்தரவுன்னு சொல்லணும். சொன்னா எழுதுவேன், எழுதினதும் ரெண்டு சாட்சி முன்னால பேரைச் சத்தமா வாசிப்பேன், பிறகு நான் இல்லன்னு சொல்ல முடியாது. யாராவது இருக்கீங்களா?" இருமல் நின்றுவிட்டது. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். வழக்கமாக இந்த இடத்தில் நான் பேசுவேன், எனக்கு இந்த இடத்துக்கென்றே வைத்திருக்கிற பேச்சு உண்டு, மயிர்க்கூச்செறியும். மூச்சு இல்லை. திறந்த சன்னலுக்கு நேரே என்னை உட்கார்த்தியிருந்தார்கள், மாட்டுக்குக் காற்று விடுகிற மாதிரி. போகட்டும், எழுதிக்கொள் டெரன்ஸ், இவர்கள் சொல்ல மாட்டார்கள், இந்த ஊர் சொல்லாது, நான் பார்க்காததா.

சேர்மக்கனி தன் நாற்காலிக்குத் திரும்பவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள், கையைப் பார்த்தாள், முன்னும் பின்னும் திருப்பி, யாரோ அவள் கையில் தெரியாமல் கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. டெரன்ஸ், "சேர்மக்கனி, உட்காரும்மா" என்றார், ரொம்ப அன்பாக. அவள், "சார், உங்க பொறந்தநாளு கேக்கு நான் திங்கவே இல்ல சார். அன்னைக்கு எனக்கு முழுங்கவே முடியல. யாருட்டயும் சொல்லல" என்றாள். பிறகு குமாஸ்தாவிடம் போய் மேசைமேல் இரண்டு கையையும் விரித்து வைத்தாள். "ஆசிட்ட ஊத்துன்னு சூப்பர்வைசர் சொல்லுவாரு, எந்த வார்டுக்கு எவ போயி ஊத்தணும்னு பிரிச்சு அனுப்புனது நானு. அன்னைக்கு முப்பிடாதிய அனுப்புனதும் நானு. எனக்கும் ராத்திரி இழுக்கு. எழுதுங்க" என்றாள். என்னைப் பார்க்கவே இல்லை. பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "யக்கா, வேண்டாங்கா" என்றாள். "நீ சும்மா கெட" என்றாள் சேர்மக்கனி. குமாஸ்தா எழுதினான், அவன் கண்ணிலும் தண்ணீர் ஒழுகியது, புறங்கையால் துடைத்துக்கொண்டு எழுதினான். அதிகாரி சாட்சிக்கு ஆள் தேடினார். ஒரு சாட்சியாகச் சங்கத்து ஐயாவே இருக்கட்டும் என்றார். இன்னொருவர்? "நீங்களே இருங்க சார்" என்று டெரன்சிடம் சொன்னார், "நிர்வாகத் தரப்புல ஒருத்தர் கேட்டா நல்லது." அப்படியாக, என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மேனேஜரும் நானும் ஒரே தாளுக்குச் சாட்சி, பக்கத்துப் பக்கத்து நாற்காலியில், இரண்டு பேர் கண்ணும் சிவந்து. என் நெஞ்சு இன்னும் விசில் அடித்தது, இந்தத் தடவை அது எல்லாருக்கும் கேட்டது, கேட்கட்டும். இவளைப் பற்றி நான் எத்தனை தெருமுனையில் என்னவெல்லாம் பேசினேன், முதலாளியின் வால் என்று, கருங்காலி என்று. அதில் ஒரு சொல்லையும் இப்போது திரும்ப எடுக்க நேரமில்லை, அவள் அதைக் கேட்கவும் இல்லை. அதிகாரி தாளைத் தூக்கி வெளிச்சத்துக்குக் காட்டி, கைக்குட்டையை எடுத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார். மரத்தடியில் நிற்கிறவளுக்கும் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாக வாசித்தார்:

"பாதிக்கப்பட்ட இரண்டாவது பணியாளர். பெயர், சேர்மக்கனி."